சாம்பல் பூனைக்குப் போட்ட கையெழுத்து

கில்லகான், லிமெரிக்
மே 14

அன்பு மகள் ஈமருக்கு,

நானும் உன் அம்மாவும் நாற்பது கறவை மாடுகளும் நலம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே முனக ஆரம்பித்துவிடுகிறது. கனடாவில் இன்னும் பனி கிடக்கிறதாம், அம்மா சொன்னாள், மே மாதத்தில் என்ன பனியோ, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே புல் நன்றாக வந்திருக்கிறது, இன்னும் பத்து நாளில் முதல் அறுப்பு.

எழுத உட்கார்ந்தது ஃபிடெல்மாவைப் பற்றி. மாடுகளுக்குச் சினை ஊசி போட ஜீப்பில் வருவாளே, அவள்தான். இரண்டு வருடமாக அந்த ஜீப்பில் ஊசி மருந்துக் குடுவைக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக் கூண்டும் மத்தி மீன் டப்பாக்களும் கிடக்கின்றன. எந்தப் பண்ணைக்குப் போனாலும் மாட்டு வேலை முடிந்ததும் அங்கே திரிகிற பூனைகளைப் பிடித்து, டாக்டரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டி, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறாள். கை முழுக்கப் பிறாண்டல். ஞாயிறு பூசை முடிந்து வெளியே நின்றபோது பக்கத்துப் பண்ணை டெக்லான் சும்மா இருப்பானா, ஊர்ல இருக்கிற பசுவுக்கெல்லாம் பிள்ளை வரம் குடுக்குற மகராசி, பூனைங்க மேல மட்டும் உனக்கு என்ன காண்டு என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே, பசு கன்னு போட்டா அன்னிக்கே காதுல நம்பர் மாட்டி என்னோடதுன்னு எழுதிக்கிறீங்க, பூனை குட்டி போட்டா மட்டும் எதிர் வீட்டுதுன்னு கைய காட்டுறீங்களே என்றாள். டெக்லான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டான்.

நானும் பெரிய யோக்கியன் இல்லை. மார்ச்சில் நம் தொழுவத்துக்கும் வந்தாள், பன்னிரண்டு பூனைகளை எண்ணினாள். கூண்டு நான் வைக்கிறேன், மீனும் என்னோடது, ஆனா டாக்டர் சீட்டுல சொந்தக்காரர்னு உங்க பேருதான் இருக்கணும் மலாக்கி அண்ணே என்றாள். நம்முது இல்லம்மா, வைக்கோலுக்கு எலி பிடிக்க வருதுங்க, போகுதுங்க என்றேன். என் பேரப் போட்டா நான் அந்தப் பக்கம் போனதும் இதுங்கள யாருண்ணே பாப்பாங்க என்று கேட்டுவிட்டு, கோபப்படாமல் காலிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், காலையில தான் டீ குடிக்கிறதுக்கு முன்னாடி அதுங்களுக்குக் கறந்த சூட்டோட பால் ஊத்துற மனுஷன் பேசுற பேச்சா இது என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை பால் ஊற்றியபோது பன்னிரண்டில் அந்தச் சாம்பல் நிறப் பூனை மட்டும் வரவில்லை. வைக்கோல் கொட்டகையில் போய்ப் பார்த்தால், சுற்றிலும் மூன்று குட்டிகள் செத்துக் கிடக்கின்றன, இவள் தலையைத் தூக்க முடியாமல் படுத்திருக்கிறாள். நான் போன் செய்தது ஃபிடெல்மாவுக்குத்தான், என்ன முகத்தை வைத்துக்கொண்டு செய்தேனோ. என் பழைய கோட்டில் சுற்றிப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜீப்பில் டாக்டரிடம் போனேன். இன்னொரு குட்டி வயிற்றுக்குள்ளேயே செத்து அழுகுகிறது, ஒன்று கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிட வேண்டும், சொந்தக்காரர் யாரோ அவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் அப்பவே சொன்னேனே என்று ஃபிடெல்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாகக்கூட இருந்திருக்கும். சேற்று பூட்ஸோடு பெஞ்சில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏழு பண்ணையில் மாடுகள் காத்திருந்தன அவளுக்கு. என்னோடதுதான் டாக்டர், காப்பாத்துங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பிழைத்துவிட்டாள். மற்ற பதினொன்றும் இப்போது என் பெயரில் முறை போட்டுக் கூண்டேறுகின்றன. இப்படி ஒரு பெண் இந்த ஊரில் இருப்பது நாம் செய்த புண்ணியம்.

ஈமர், உனக்கு ஒன்பது வயதில் நான் வாளியும், பூனைக்குட்டிகளைக் கட்டிய சாக்குமாக ஆற்றுப் பக்கம் போனதை நீ பார்த்தாய். குட்டிங்க யாரோடது அப்பா என்று கேட்டாய். யாரோடதும் இல்லை என்றேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் நீ என்னோடு பேசவில்லை, அதை நானும் மறக்கவில்லை. அன்று சொன்னது பொய்யம்மா. எல்லாம் என்னுடையவைதான், தெரிந்துதான் செய்தேன்.

கடவுளும் மாதாவும் உன்னைக் காக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே. என் மேல் இன்னும் கோபம் இருந்தால் அதையும் அப்படியே எழுது, படித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
மலாக்கி