நீல உடையின் பத்துப் படிகள்

மத்தான்சாஸ்,
9 பிப்ரவரி 1995

என் உயிரனைய நெரெய்தாவுக்கு,

நான் நலம். நீயும், மகள் யாமிலேயும், நான் இன்னும் கண்ணாரக் காணாத பேரனும் நலமுடன் இருக்க வேண்டும். அடுத்த வீட்டு ஒமாராவின் நாத்தனார் உன் மடலைக் கொண்டுவந்து தந்தாள். சனிக்கிழமை அவள் நீ இருக்கும் தம்பாவுக்குத் திரும்புகிறாள். இம்மடலும் அவள் கையில்தான் வருகிறது. நீ கேட்ட நீல உடை மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத் தொடங்கி மூன்று தாள்களைக் கிழித்தேன்; இது நான்காவது.

இங்கே மின்சாரம் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. காப்பித்தூளில் பாதி வறுத்த பட்டாணி. ஒமாரா வாரம் ஒருமுறை கறுப்பு அவரைக் குழம்பு தருகிறாள். கூடவே வசையும் தருகிறாள். இரண்டையும் மிச்சம் வைக்காமல் உண்கிறேன்.

மகளின் பேறுகாலத்துக்கு நீ சென்ற இரண்டாம் மாதத்தில் வெள்ளை வண்ணம் தீர்ந்தது. அடுத்து நீலம் தீர்ந்தது. செங்கற்பொடியை எண்ணெயில் குழைத்துத் தீட்டினேன். காய்ந்ததும் வெடித்து உதிர்ந்தது. காப்பிக் கசடைப் பூசினேன்; பூஞ்சை பிடித்தது. ஓவியம் என்னைக் கைவிட்டது. நான் அச்சுப் பட்டறைக்குத் திரும்பினேன். செம்புத் தகடு ஏது? மீன் பெட்டியின் அட்டையே தகடு. அதன்மேல் மணலையும் இலையையும் கிழிந்த வலையையும் ஒட்டி, மெருகெண்ணெய் பூசிக் காயவிட்டேன். பட்டறையில் எஞ்சிய மையோடு காலணிக்குப் பூசும் கறுப்பு மெழுகைக் கலந்து தடவித் துடைத்து, ஈரத்தாளை மேலே பரப்பி, அச்சு உருளைக்குள் செலுத்தினேன். மேடும் பள்ளமும் ஒன்று விடாமல் தாளில் ஏறின. இந்த முறையில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஒட்டியது ஒட்டியதுதான், மெருகு காய்ந்தபின் எதையும் பிரித்தெடுக்க முடியாது.

நவம்பரில் உன் மடல் வந்தது. பேரனுக்குப் பல் முளைத்ததை எழுதியிருந்தாய். யாமிலே வேலைக்குப் போவதை எழுதியிருந்தாய். திரும்பி வருவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறுநாள் காலை உன் அலமாரியைத் திறந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், நெரெய்தா: நீ வரமாட்டாய் என்று நானே தீர்ப்பெழுதிவிட்டுத்தான் அந்த நீல உடையை அட்டையில் ஒட்டினேன்.

பொத்தான்களை அறுத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஐந்தை அறுத்தேன், மடிப்புக்குள் இருந்த ஆறாவதைப் பார்க்கவில்லை. உருளை ஏறியதும் அது நொறுங்கி, அச்செடுத்த முதற்படியின் மார்பில் ஓட்டை விழுந்தது. பட்டறைத் தலைவன் ஒஸ்வால்டோ தாளைத் தூக்கிப் பார்த்தான். "ஏண்டா கிழவா, முப்பது வருஷமா இந்த உருளையச் சுத்துற, பொத்தானப் பிச்சிட்டு ஒட்டணும்னு தெரியாதா? பொண்டாட்டி நெஞ்சுலயே ஓட்ட போட்டுட்டியேடா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஒமாராவுக்குச் செய்தி எட்டியதும் சுவருக்கு அப்பாலிருந்தே கத்தினாள்: "பொண்டாட்டி ஊருக்குப் போனா இவன் துணி துவைக்கக் கத்துப்பான்னு பாத்தேன். அவ துணிக்கு மை பூசிக்கிட்டு ஒக்காந்திருக்கான்!"

பதினோர் ஆண்டுகள் என் கண்ணெதிரே நடமாடிய உடை அது. உடையில் நான் காணாததைத் தாளில் கண்டேன். அக்குளில் மூன்று முறை தைத்திருக்கிறாய். வலக்கையில் என் சுருட்டுப் பொறி பட்ட ஓட்டையைச் சிறு பூவாக இழையோட்டி மூடியிருக்கிறாய். அது எரிந்ததை அன்று நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. உள்ளே ஆளில்லாமல் கைகளை விரித்துக் கிடக்கிறது உடை. பத்துப் படிகளையும் வீட்டுக் கொடியில் உலர்த்தினேன். பத்து நெரெய்தாக்கள் நிறைந்த வீட்டில் ஒருத்திகூட என்னைப் பார்த்து, "மெதுவாப் பேசுய்யா, இங்க என்ன கூட்டமா நடக்குது?" என்று கேட்கவில்லை.

இப்போது உன் மடல். ஞாயிற்றுக்கிழமை உடுத்த ஒன்றும் இல்லை, நீல உடையை அனுப்பு என்கிறாய். அரசு தந்த பயணத்தாளின்படி ஐந்து வாரத்தில் வீடு திரும்புகிறவள் உடையை அங்கே வரவழைப்பாளா? இந்தக் கேள்வியை நான் கொடியில் தொங்கும் தாள்களிடம் கேட்டேன். உன்னிடம் கேட்கும் துணிவு வரவில்லை.

படிகளுக்கு எண்ணிட்டுக் கையொப்பமிட்டபின் தகட்டின் குறுக்கே கத்தியால் கோடு கிழித்துவிட வேண்டும், பிறகு அதிலிருந்து எவரும் படி எடுக்கலாகாது என்பது எங்கள் பட்டறை வழக்கம். உனக்குத் தெரியும். ஒஸ்வால்டோ கத்தியை நீட்டினான். "கிழிச்சுடு, வேல முடியட்டும்" என்றான். "தகட்டுல பாதி அவளோடது. அவ வந்து கிழிக்கட்டும்" என்றேன். அவன் கத்தியை மேசைமேல் வைத்தான். பிறகு, "மார்ச் பதினஞ்சோட அவ பயணத்தாள் முடியுதேடா. அதுக்கப்புறம் குடிநுழைவு அலுவலகத்துல அவள நாட்ட விட்டே போயிட்டவளா எழுதி, திரும்ப உள்ள விடமாட்டாங்களே" என்றான். ஆயிரம் பேர் கூடிய திடலில் ஒருமுறையும் நா தடுமாறாத நான், தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

தகடு கோடு படாமல் நம் கட்டிலின் கீழே இருக்கிறது. முதற்படியை உனக்கு அனுப்புகிறேன், ஓட்டையோடுதான். பேரனை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவனுடைய பிஞ்சுக் கை உன் விரலை எப்படிப் பற்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்காமலும் இல்லை. நீ எங்கிருந்தாலும் குறைவின்றி வாழ்க. குழந்தைக்கு என் முத்தங்கள்.

அங்கே கடையில் நல்ல நீலத்துணி கண்டால் ஓர் உடைக்கு வாங்கு. அங்கே தைக்காதே. ஐந்து பொத்தான்கள் இங்கே, நீ காப்பி குடிக்கும் கோப்பையில் இருக்கின்றன.

என்றும் உன்,
எவாரிஸ்டோ