பால் சூடாக்கும் பேசின்

ஜூன் 3, செவ்வாய்
பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் மறுபடியும் சண்டை. சேரும் குழந்தைகளின் ஆசனவாயில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, மருந்துக்கு அடங்காத கிருமி குடியிருக்கிறதா என்று லேபில் பார்ப்பது என் வேலை. டாக்டர் குருமூர்த்திக்கு அது வீண். “நோயே இல்லாத குழந்தைக்கு எதுக்குய்யா டெஸ்ட்டு?”
நோய் வந்த பிறகு சொல்ல நான் எதற்கு? அவரே நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாமே.

ஜூன் 4
ஜூஜுவாடி ஊர்க்காரி நிகத்தின் குழந்தை, எட்டு மாதத்தில் வேறு ஆஸ்பத்திரியில் பிறந்து, இங்கே வந்தது. மாதிரி எடுத்தேன். நிகத்தைக் கேட்டேன், டாக்டரைக் கேட்கவில்லை.

ஜூன் 6
நிகத் குழந்தை – கிருமி இல்லை.

ஜூன் 12
வாராந்திர மாதிரி. மூன்று குழந்தைகளிடம் கிளெப்சியெல்லா கிருமி. கடைசி மருந்துக்கும் அடங்காத ரகம். நிகத் குழந்தையும் அதில் ஒன்று. யாருக்கும் இன்னும் காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் இறங்கினால் எதைக் கொடுப்பது?
டாக்டர் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “வெளிய பொறந்த குழந்தை. அதுதான் கொண்டாந்துச்சு.”
பொய். வரும்போது சுத்தமாக இருந்தது. சொன்னேன். “அந்த டெஸ்ட்ட யாரு எடுக்கச் சொன்னா?” என்கிறார். இது ஒரு பதிலா?

ஜூன் 13
வார்டில் நின்று கவனித்தேன். எல்லாத் தாய்மாரின் பால் கிண்ணங்களும் ஒரே பேசினில் மிதந்து சூடாகின்றன. தண்ணீரை மாற்றுவதில்லை, ஆறினால் மேலே கொஞ்சம் வெந்நீர், அவ்வளவுதான்.
“சுடுதண்ணி தானே தம்பி, அதுல என்ன கிருமி?” என்றார் சரிதா சிஸ்டர்.
வெதுவெதுப்பு கிருமிக்குத் தொட்டில், சிஸ்டர். அந்தத் தண்ணீரில் ஒரு குப்பி எடுத்து வந்து லேபில் வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு
விடுமுறைதான். மத்திகிரியிலிருந்து டவுன் பஸ் பிடித்து லேபுக்குப் போய்ப் பார்த்தேன். பேசின் தண்ணீரிலும் அதே கிருமி.

ஜூன் 16
முடிவைக் காட்டினேன். டாக்டர்: “வெளிய சொன்னா வேலை இருக்காது.”
வராந்தாவில் நிகத் அழுதுகொண்டிருந்தாள். “நான் கை கழுவாம தொட்டுட்டேன்னு சொல்றாங்கண்ணா.”
என்ன மனுசங்கடா இவங்க!
சொல்லிவிட்டேன். “உன் குழந்தை எதையும் கொண்டாரல. இங்கதான் ஒட்டுச்சு. அந்தப் பேசின்.”
கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக உள்ளே போனாள். ரவுண்ட்ஸ் நேரம். எல்லாத் தாய்மார் முன்னாலும் கேட்டாள்: “டாக்டரே, அந்தத் தண்ணிய நீங்க கொட்றீங்களா, நான் கொட்டட்டா?”
பேசினைத் தூக்கிக்கொண்டு போனது சரிதா சிஸ்டர்.

ஜூன் 19
என்னை வெளிநோயாளிகள் சிறுநீர்ப் பரிசோதனைக்கு மாற்றிவிட்டார்கள். குழந்தைகள் வார்டுக்குள் நுழையக் கூடாதாம். எங்கே வேண்டுமானாலும் போடட்டும். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஜூன் 27
நிகத் குழந்தையோடு வீட்டுக்குப் போனாள். மூன்று பேருக்குமே காய்ச்சல் வரவில்லை.
மதியம், சிறுநீர்க் குப்பிகளுக்கு நடுவே ஒரு பஞ்சுக்குச்சி. மேலே ஒட்டிய சீட்டில் சரிதா சிஸ்டர் கையெழுத்தில்: ‘புதுக் குழந்தை. சேரும்போதே எடுத்தது. சீக்கிரம் பாரு தம்பி.’
கிருமி வளர்க்கும் பிளேட்டில் தேய்த்து லேப் இன்குபேட்டரில் வைத்துவிட்டேன்.