லேபிளில் எழுதாதது

புதன், இரவு பதினொன்றரை

கடத்தூரில் ஸ்டெல்லா வீட்டுப் பின்கட்டில் நானும் அவளும் கற்றாழை ஜெல் செய்து விற்கிறோம். ஒரு கடைக்காரர் கேட்டதால் சேலம் லேபுக்குக் கொடுத்திருந்தோம். இன்று ரிப்போர்ட் வந்தது. கெடாமல் இருக்கப் போடும் ரசாயனம், அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு இருக்கிறதாம். நாங்கள் அதைப் போடுவதே இல்லை. பாட்டிலிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறோம். லேபில்தான் தவறு என்று சொல்ல ஸ்டெல்லாவிடம் போனேன்.

தாளைப் பார்த்துவிட்டு அவள் அதை மடித்து என்னிடமே நீட்டினாள்.

"மழைல ரெண்டு பெட்டி பூஞ்சை புடிச்சுத் திரும்பி வந்துச்சில்லீங்க்கா, அப்ப இருந்து நாந்தான் அதப் போடறேன். தராசு இல்ல. ஸ்பூன்லதான் அளந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா வேண்டாம்பீங்க."

அந்த மழைக்குப் பிறகு ஒரு பாட்டில்கூடக் கெட்டுத் திரும்பவில்லை. அது எப்படி என்று நானும் கேட்கவில்லையே.

வாங்கியவர்களுக்கெல்லாம் போன் செய்து, பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மொரப்பூர்ப் பெண் ஒருத்தி மட்டும் எடுக்கவில்லை. ஐந்து முறை அடித்தேன். வீடு ஸ்டேஷன் பக்கம் என்பது மட்டும்தான் தெரியும். காலை முதல் பஸ்ஸில் போய்த் தேட வேண்டும். போன வாரம் அவள், "கைக்கொழந்தைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குருங்க, இதப் பூசலாங்களா?" என்று கேட்டாள். தாராளமாகப் பூசுங்கள் என்று நான்தான் சொன்னேன்.