சுகுணா அத்தை ஒட்டிய உறை

கோத்தகிரி
9-12-2001

அன்புள்ள இந்துவுக்கு அம்மா எழுதுவது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் சுகுணா அத்தை வந்திருக்கிறாள், இப்போதுதான் உள்ளே படுத்தாள், அவள் விழித்திருக்கும்போது இதை எழுத முடியாது. இங்கே எல்லோரும் சுகம், ஷார்ஜாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். பச்சைத் தேயிலையைக் கேட்பாரில்லை, பாக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடுவதில்லை, அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். உன் வேலை ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறதாமே, அதற்குள் நியூசிலாந்துக்கு வழி பண்ண வேண்டுமாமே, நம் ஊர்ப் பட்டம் செல்லும் என்று அவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமாமே. அத்தனை ஆமேயும் உன் அத்தை வாயால் கேட்டேன். அவள் வீட்டில் போன் இருக்கிறது, சரி, எனக்கு ஒரு கடிதாசி போடக் கூடாதா? உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு பி.எஸ்ஸி. பரீட்சை எழுதியவள் நான், மதிப்பெண் நகல் வாங்க எனக்குத் தெரியாதா?

அவள் பல்கலைக்கழகத்துக்குப் போய் வாங்கிவிட்டாள், இல்லை என்று சொல்லவில்லை. ஜன்னலில் இருந்தவர் நீங்கள் யார் என்று கேட்டாராம். எம்பொண்ணுதானுங்கன்னு சொல்லிப்போட்டேன் அண்ணி என்று என்னிடமே சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நகலை அவர்கள் உறையில் போட்டு ஒட்டி முத்திரை குத்தித் தந்திருக்கிறார்கள், பிரிக்காமல் அப்படியே அனுப்ப வேண்டும். அந்த உறையை அண்ணன் கையால் தபாலில் சேர்க்க வேண்டுமென்று கொண்டுவந்தாள். வாங்கிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்து அப்பியிருக்கிறாள், அந்த ஈரத்தில் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது, சோற்றுப் பருக்கையை நசுக்கி மறுபடி ஒட்டியிருக்கிறாள். ஒட்டின் மேல் குத்திய முத்திரை பாதி இங்கே பாதி அங்கே நிற்கிறது. ஏன் இப்படிச் செய்தாய் என்றால், ஏனுங்க அண்ணி, மஞ்ச வெக்காம நல்ல காரியத்துக்குக் கவர் அனுப்புவாங்களா, நீங்க காலேஜ் படிச்சவங்க, இதெல்லாம் உங்களுக்கு எங்கீங்க தெரியும் என்கிறாள். உன் அப்பாவும் தங்கச்சி பக்கம்தான், நல்லாத்தான ஒட்டியிருக்குது, உடு என்றார். அங்கே பார்ப்பவர்கள் யாரோ பிரித்து மதிப்பெண்ணைத் திருத்தியிருக்கிறார்கள் என்றுதானே நினைப்பார்கள்? ஒருமுறை சந்தேகம் வந்தால் உன் பெயர் அல்லவா கெடும்? அனுப்பவே கூடாது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அத்தை அழுதாள். பாவமாகத்தான் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, உன்னிடம் எதற்கு மறைக்க.

வேறு உறை வாங்கித்தான் ஆக வேண்டும். யாரிடம் கொடுக்கலாம் என்று நீ கையெழுத்துப் போட்டு எழுதித் தந்தால்தான் தருவார்களாம். அதில் இந்த முறை என் பெயரைப் போடு. முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி நானே போய் வாங்கி, ஒரு சொட்டு ஈரம் படாமல் அனுப்புகிறேன். அத்தைக்கும் ஆறுதலாக இரண்டு வார்த்தை எழுது, இரண்டு போதும். நேரத்துக்குச் சாப்பிடு, ஏ.சி. காற்றில் ஈரத் தலையோடு உட்காராதே. நினைத்தது கூடி வந்து நீ நன்றாக இருக்க வேண்டும், சாமி துணை இருக்கும். அத்தை வீட்டுப் போனில் சொல்லி அனுப்பாதே, என் பெயருக்கே சீக்கிரம் பதில் எழுது.

உன்னைப் பெற்ற
அம்மா