நீ விழுந்ததற்கு அடுத்த பக்கம்

என் அலங்கார ராணி லலிதா அக்காவுக்கு,

இப்படிக் கூப்பிட்டால் முன்பெல்லாம் சண்டைக்கு வருவாய். இப்போது தைரியமாகக் கூப்பிடுகிறேன், பார். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன் பெண் உமாவைத் தனியே விட மனசில்லாமல் உன் வீட்டிலேயே தங்கியிருக்கிறேன். உன் நிலைக்கண்ணாடி முன்னால் நேற்றுவரை யாரும் நிற்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? 'பஸ் போயிடும்டி அக்கா' என்று வாசலில் செருப்போடு நின்று கத்திக் கத்தியே வளர்ந்தவள் நான்.

பத்தாம் வகுப்பில் நீ பெயிலாகி, ஒரு வயது இளைய நான் உன் வகுப்புக்கே வந்து சேர்ந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அந்த மலையாளப் பள்ளிக்கூடத்தில் உன்னைத் தெரியாதவர்கள் கிடையாது. மலையாளம் உன் வாயில் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். நானோ சோடாபுட்டிக் கண்ணாடி. வாயைத் திறந்தால் நம் கரமனை அக்ரஹாரத்துத் தமிழ் கூடவே வந்துவிடும். முதல் மார்க் எனக்கு, சிநேகிதிகள் எல்லாம் உனக்கு. யாராவது 'நிஜமாவே நீங்க அக்கா தங்கையா?' என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமைதான். இனிமேல் சொல்வதில் என்ன வெட்கம்?

அந்தப் பொறாமையில்தான் வரைந்தேன். பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொரு பக்க மூலையிலும் ஒரு சின்னப் படம். அடுத்த பக்கத்தில் அதே படம் கொஞ்சம் நகர்ந்து. கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டால் நீ நடப்பாய். ரிப்பனை இழுத்துக் கட்டுவாய், இடுப்பை ஒடிப்பாய், கைக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போய் 'பெயில்' என்று எழுதிய பள்ளத்தில் தடாலென்று விழுவாய். அதோடு படம் முடிந்தது. மிச்சப் பக்கமெல்லாம் வெள்ளை.

நான் மட்டும் பார்த்துச் சிரிக்கத்தான் வரைந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓமனா பையிலிருந்து உருவிவிட்டாள். 'அய்யோ, இது நம்முடெ லலிதயல்லே!' இது நம் லலிதாவாயிற்றே என்று ஒரே கூச்சல். மத்தியானத்துக்குள் வகுப்பே பார்த்துவிட்டது. கடைசியில் நீயும் பார்த்தாய்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாய். வந்ததும், 'நாளேலேர்ந்து நான் ஸ்கூலுக்கு வரலைடி. அப்பாகிட்டே சொல்லிடறேன்' என்றாய். அப்பா அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார். 'படிப்பு ஏறலேன்னா நிறுத்திட்டு வரன் பார்க்கலாம்' என்று ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியாயிற்று. நீ ஒரு வார்த்தை சொன்னால் உன் படிப்பு அன்றோடு சரி, அதுவும் என்னால். நான் மன்னிப்பா கேட்டேன்? 'இருக்கறதைத்தானே வரைஞ்சேன்' என்றேன். பாவி நான். நீ நோட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

மறுநாள் காலையில் ரெட்டைப் பின்னலும் ரிப்பனுமாக நீ வந்து நின்றபோது எனக்கு உயிர் வந்தது. வகுப்பில் நுழைந்ததும் நேரே ஓமனாவிடம் போய் நோட்டை நீட்டினாய். 'இன்னலத்தெ படம் தீர்ந்நில்ல, கேட்டோ. பாக்கி நோக்கு.' நேற்றைய படம் முடியவில்லையாம், மீதியைப் பார்க்க வேண்டுமாம்!

நான் உன்னை விழவைத்த பக்கத்துக்கு அடுத்த பக்கம் தொடங்கி உன் கைவேலை. உனக்கு ஒரு பூசணிக்காய்கூட ஒழுங்காக வரைய வராது. தீக்குச்சிக்குப் பாவாடை கட்டினாற்போல் ஒருத்தி பள்ளத்திலிருந்து எழுந்தாள், பாவாடையைத் தட்டினாள், ரிப்பனைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மேலே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சோடாபுட்டித் தங்கையின் காதைப் பிடித்துத் திருகினாள். வகுப்பே பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன், கூடவே அழுதேன். அப்பாவிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை. ஏன் அக்கா சொல்லவில்லை? கேட்காமலே விட்டுவிட்டேனே.

அன்று சாயங்காலமே, 'என் நடை இப்படியாடி இருக்கு? ஒழுங்காப் பார்த்து வரை' என்று கூடத்தில் முன்னும் பின்னும் பத்து தடவை நடந்தாய். தங்கை கோமதி சொல்லிக் கொடுத்துத்தான் லலிதா பாஸானாள் என்று தெருவே பேசியது. இன்று பாடப் புத்தகத்துக்குப் படம் வரைந்து நான் சாப்பிடுகிறேன் என்றால், அது உன் நடை போட்ட சோறு. அதை ஒருத்தரும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்கிறேன். நீ எனக்குச் செய்தது பெரிசு, அக்கா.

பக்கத்து வீட்டில் டி.வி. வாங்கியிருக்கிறார்கள். அதில் வரைந்த படம் தானாகவே ஓடுகிறது, விழுகிறது, எழுந்திருக்கிறது. நீ இருந்தால் 'இதைவிட நான் நன்னா விழுவேன்' என்பாய்.

உன் உமாவின் சேதியைச் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பத்தாம் வகுப்பு வேறு. 'அம்மா பின்னிவிடாம எப்படிச் சித்தி போறது?' என்கிறாள். எனக்குப் பின்ன வராது, உனக்குத் தெரியாததா? நேற்று அந்த நோட்டை அவள் கையில் கொடுத்தேன். விரலால் விட்டு விட்டுப் பார்த்தாள். காதைத் திருகும் இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். அப்புறம் கேட்டாள்: 'இதுக்கப்புறம் அம்மா எங்கே போறா சித்தி? பாக்கிப் பக்கமெல்லாம் சும்மா இருக்கே.'

இன்று காலை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப உன் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். தானே பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். நான் வாசலில் செருப்போடு நின்றேன். பஸ் வந்தது, போயிற்று. நான் ஒரு வார்த்தை கத்தவில்லை.

இனியும் கத்த மாட்டேன், அக்கா. அவள் எவ்வளவு நேரம் நின்றாலும் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன்.

நீ நிஜமாகத் திருகாமல் காது இன்னும் சும்மா இருக்கிற உன் தங்கை,
கோமதி