ஏரிக்கண்காணி எயினியின் தண்டனையை நிறுத்தும் ஓலை

நெடுவேய் மாநகரில் அரியணை வீற்றிருந்து, கீழ்க்கடல் முதல் மேல்மலை வரை ஒரு குடைக்கீழ் காத்தருளும் வேய்நாட்டுப் பேரரசி ஆதிமங்கைப் பெருந்தேவியாரின் திருவாய்மொழிப்படி, அமைச்சர் கண்டன் நள்ளியார் எழுதுவிக்கும் திருமுகம். கருந்தாழைக் கோட்டைக்கும் அதன் கீழுள்ள ஊர்களுக்கும் காவலராய் நிற்கும் கோதைமாறனார் காண்க. உமது மதில் நிமிர்ந்து நிற்க. உம் படை பிணியின்றி வாழ்க. உம் மனையோரும் மக்களும் நலம் பெறுக. ஓலையின் தலையில் மழை வேண்டி வாழ்த்துவது நம் நாட்டு மரபு. இவ்வோலையில் அவ்வாழ்த்தை அறிந்தே விடுத்திருக்கிறோம். ஏனென்பது கீழே விளங்கும்.

முதற்கண் ஒன்று. ஏரிக்கண்காணி எயினியை வருகின்ற அமாவாசை விடியலில் முரசறைந்து வாளுக்கு ஒப்புவிக்குமாறு உமக்கு முன்னம் வந்த ஆணை பிழைபட்டது. அதைத் தேவியார் திரும்பப் பெற்றுக்கொண்டார். இவ்வரியை வாசித்த அக்கணமே ஒருவனைச் சிறைக்கூடத்துக்கு ஓட்டிவிட்டு, எஞ்சியதை நின்றபடியே வாசிப்பீராக.

இனி நிகழ்ந்ததைக் கேளும். நாட்டில் பத்துப்பேர், பன்னிருபேர் கொண்ட சிறு பணிக்குழுக்கள் படும் பாட்டை நீர் அறிவீர். ஒருவர் தோண்டியதை மற்றொருவர் தூர்ப்பதும், இருவரும் ஒரே கல்லைச் சுமக்கப் போய் வேறொரு கல் கேட்பாரற்றுக் கிடப்பதும் வழக்கமாகிவிட்டன. ஆகவே ஒவ்வொரு குழுவும் தன் பணிகளைக் கண்முன் வைத்து நடத்துதற்கு ஏற்றதொரு முறையைத் தானே தேர்ந்துகொள்க என்றும், தனக்கு ஒதுக்கிய நெல்லுக்குள் அது அடங்குக என்றும் சென்ற கோடையில் அரண்மனை ஆணை பிறப்பித்தது. கருந்தாழை ஏரியின் கரையையும் மதகையும் செப்பனிடும் ஒன்பது பேருக்குத் தலைவியாகிய எயினியும் அவ்வாணையைத் தலைமேல் ஏற்றாள்.

அவள்முன் மூன்று முறைகள் இருந்தன. தலைநகர்ப் புலவர் வகுத்த நீள்துணி ஒன்று. எப்பணி எந்நாள் தொடங்கி எந்நாள் முடியுமென்று அதில் கோடு கோடாக வரைந்திருந்தது. ஏரிக்கரைச் சாரலில் ஒருநாள் கிடந்ததும் கோடுகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, முடிவு தொடக்கத்துக்கு முன்னே போயிற்று. அடுத்தது வெறும் மூன்று கயிறுகள். செய்யவேண்டியது, செய்துகொண்டிருப்பது, செய்து முடித்தது என்று மூன்றையும் மதகோரம் கட்டி, பணிக்கொரு சுடுமண் வில்லையைக் கயிறு விட்டுக் கயிறு மாற்றித் தொங்கவிடுவது. அதற்குச் செலவென்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது, கடல்வணிகன் மணிச்செட்டி கொண்டுவந்த ஆயிரங்கண் மாடம்.

அம்மாடத்தின் அழகைச் சொல்லி முடியாது. ஆளுயரத் தேக்குப்பெட்டி, அதில் வரிசை வரிசையாய்ச் சிறு சாளரங்கள், ஒவ்வொன்றின் கீழும் பணிக்குரியவரின் குறி, பணி முடிந்தால் வெண்பலகை, நடந்தால் மஞ்சட்பலகை, பிந்தினால் செம்பலகை. அந்தி தோறும் செட்டியின் கணக்கன் அதன் தோற்றத்தை ஓலையில் தீட்ட, அதை ஓட்டக்காரன் அரண்மனையில் சேர்ப்பான். முதல் திங்களுக்கு ஒரு படி நெல்லும் வேண்டா, அப்புறம் தலைக்கு இவ்வளவு, ஆண்டு முழுமைக்கும் முன்னதாகவே அளந்துவிட்டால் தள்ளுபடியும் உண்டு என்று செட்டி தேனொழுகப் பேசினான். முந்நூறு பேர் வேலைசெய்யும் தலைநகர்க் களஞ்சியத்துக்குச் செய்த மாடத்தை ஒன்பது பேருக்குத் தலையில் கட்டிவிட்டான் என்பதே உண்மை. ஒவ்வொருவரையும் அழைத்து அவரவர் சாளரத்தில் பலகை மாற்றவைக்கவே எயினிக்குக் காலைப்பொழுது சரியாக இருந்தது.

கயிறே தனக்குப் போதுமென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் அரண்மனையே புகழ்ந்து பேசும் மாடத்தை விட்டுவிட்டு, ஆடுகட்டும் கயிற்றைத் தொங்கவிட்டிருக்கிறாளே என்று நாளை எவரேனும் கேட்டால் என்ன சொல்வது என்று அஞ்சினாள். அந்த அச்சத்தால்தான் மாடத்தைத் தேர்ந்தாள். இதை அவளே நம் நாடுகாண் அதிகாரி பிடவூரனாரிடம் சிறைக்கம்பிக்கு அப்பாலிருந்து சொல்லியிருக்கிறாள்.

அந்திமுரசு என்னும் நம் வழக்கத்தை நீர் அறிவீர். பணி பிந்தியவன் பெயரை ஊர்நடுவே முரசறைந்து கூவுவது முன்னோர் ஏற்படுத்தியது. அக்காலத்தில் கண்காணி நேரில் கண்டு, காரணம் கேட்டு, மனமில்லாமல்தான் முரசுக்குச் சொல்வாள். மாடம் வந்தபின் அந்த இடைநிலை அற்றுப்போயிற்று. அரண்மனையில் செம்பலகை கண்டதும், கேள்வி முறையின்றி முரசுக்கு ஆணை பறந்தது.

முதலில் அகப்பட்டவன் சுதைவேலை செய்யும் தேவன்பூதி. மதகின் பக்கச்சுவருக்கு அவன் பூசிய சுண்ணச்சாந்து கார்காற்றில் உலரவில்லை. உலராததை உலர்ந்ததென்று சொல்ல மனமின்றி அவன் செம்பலகை வைத்தான். ஓட்டக்காரன் அரண்மனைக்குப் போய் ஆணையோடு மீண்ட அந்தியில், தன் மகளைப் பெண்கேட்டு வந்தவர்கள் முற்றத்தில் அமர்ந்திருக்கையிலேயே, தெருவில் முரசு முழங்கித் தன் பெயரைக் கூவக் கேட்டான். வந்தவர்கள் வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போனார்கள். மறுநாள் காலையில் பூதி அச்சாளரத்தில் வெண்பலகை வைத்தான்.

அதன்பின் கருந்தாழை மாடத்தில் செம்பலகையே காணோம். நாளுக்கு நாள் வெண்மை ஏறிற்று. இங்கே அரண்மனையில் அவ்வோலைகளை விரித்துப் பார்த்தவர்கள் கருந்தாழையைப் போல் உண்டா என்று மகிழ்ந்தார்கள். செட்டிக்குப் பட்டாடை கூடப் போர்த்தினார்கள்.

குழுவில் மண்ணணைப்போர் மதகின் சுவர்ச்சாளரத்தில் வெண்மை கண்டு, சுவர் இறுகிவிட்டதென்று நம்பி, அதன்மேல் கரைமண்ணை ஏற்றினர். ஏரியில் நீரும் ஏறிற்று. ஒருநாள் கரையின் வெளியடியில் நடந்துவந்த எயினியின் கால் ஈரத்தில் பதிந்தது. கரையடியில் நீர் கசிவது புதிதன்று. தெளிந்த நீராயின் எவரும் பொருட்படுத்துவதில்லை. அவள் கண்ட நீர் செம்மண் கலங்கி வந்தது. கரை உள்ளுக்குள் கரைந்து வெளியே வருகிறதென்பது அதன் பொருள். அங்கிருந்து பார்த்தால் கீழ்மடையூரின் கூரைகள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. ஒரு வீட்டின் முன்னே பிள்ளைகள் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

பூதியை அழைத்துக் கேட்டாள். அவன், சாந்து உலராமலே வெண்பலகை வைத்ததாகவும், இன்னொரு முறை தன் பெயர் முரசில் ஏறினால் மகளை எவரும் கொள்ளமாட்டார்கள் என்று அஞ்சியதாகவும் ஒப்புக்கொண்டான். அதோடு நில்லாமல், கரைச்சரிவில் புல் பதிக்கும் பணி முடிந்ததென்று கண்காணியம்மையே வெண்பலகை வைத்ததைத் தான் கண்டதாகவும், அங்கே ஒரு புல்லும் இல்லையென்றும் சொன்னான். அது உண்மை. அவளும் அஞ்சியவள்தான்.

எஞ்சியோரை ஒருவர்பின் ஒருவராய்க் கேட்டாள். கற்கட்டுக்காரர் தலைகுனிந்தார். மதகுப்பலகை செதுக்குபவர் அழுதார். எல்லோரும் பூசிமெழுகித்தான் வைத்திருந்தார்கள். மாடத்தின்முன் வந்து நின்றபோது அத்தனை சாளரமும் வெண்மையாய் ஒளிர்ந்தது என்றும், அதைப்போல் தன்னை நடுங்கவைத்த காட்சி வாழ்நாளில் வேறில்லை என்றும் எயினி சொன்னதாகப் பிடவூரனார் கூறுகிறார்.

அவள் செய்தது இரண்டு. முடியாத பணிகளுக்கெல்லாம் தன் கையாலேயே செம்பலகை வைத்தாள். ஒவ்வொன்றின் கீழும் அவரவர் குறியைக் கழற்றிவிட்டுத் தன் குறியை மாட்டினாள். முரசு அறைந்தால் தன் ஒருத்தி பெயரையே அறையட்டும் என்பது அவள் எண்ணம். பின்னர் மதகோரம் மூன்று கயிறுகளைக் கட்டி, இதன் படம் எந்த அரண்மனைக்கும் போகாது, உள்ளதை உள்ளபடி தொங்கவிடுங்கள் என்று குழுவினரை வேண்டினாள். பொழுது சாய்வதற்குள் எது முடிந்தது, எது முடியவில்லை, எதை முதலில் செய்தால் ஊர் பிழைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு விளங்கிவிட்டன. ஏரியின் நீர்மட்டத்தைக் குறைத்தாலன்றிக் கரை நில்லாது. ஆகவே உபரிநீர் போகும் கலிங்கின் கல்வரிசையைப் பெயர்க்கத் தொடங்கினர்.

அரசாணையின்றிக் கலிங்கில் கைவைப்பது உயிர்க்குற்றம். அதை அறியாதவள் அல்லள் எயினி. ஆணை கேட்டு ஆள் போய் வருவதற்குள் கரை இருக்குமோ என்பதே அவள் கேள்வி. கடப்பாறையை வைத்துத் தான் ஒருத்தியாய் நெம்பியபோது கல் அசையவில்லையென்றும், பூதி வந்து உடன் பிடித்தபின்பே அசைந்ததென்றும் சொல்லியிருக்கிறாள்.

அரண்மனைக்கு வந்துசேர்ந்த செய்தியோ வேறு. நேற்றுவரை முடிந்திருந்த பணிகள் அனைத்தும் ஒரே நாளில் சிவந்துவிட்டன. சிவந்த ஒவ்வொன்றின் கீழும் ஒரே குறி. அக்குறிக்குரியவள் கலிங்கையும் இடிக்கிறாள். பகைவர் பொன்னுக்கு விலைபோனாள் என்று அவை முடிவுகட்டிற்று. படத்தைப் பார்த்தவர் பலர். சுவரைப் பார்த்தவர் ஒருவருமில்லை. உமக்கு ஆணை பறந்தது. நீரும் ஆணைப்படி, கலிங்கு பாதி பெயர்ந்திருக்கையில் அவளைக் கட்டிக் கொண்டுபோனீர். அவளோடு பணியும் நின்றது.

பிடவூரனார் அவ்வழி வந்தது நம் நற்பேறு. அவர் வெளியடியில் கலங்கல் நீரைக் கண்டார். பூதி ஓடிவந்து அவர் காலைப் பற்றிக்கொண்டு, குற்றம் தன்னுடையது, முரசானாலும் வாளானாலும் தனக்கே ஆகட்டும் என்று கதறினான். அவர் சுவரோரம் மண்ணைத் தோண்டிக் கைவிட்டுப் பார்க்கையில், உள்ளே சாந்து தயிர்போல் ஒட்டிக்கொண்டு வந்ததாம். சிறையில் எயினியையும் கண்டு பேசிவிட்டு, அவர் ஊணுறக்கமின்றி வந்து தேவியார்முன் அந்தக் கையை நீட்டினார். தேவியார் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, இத்தனை காலம் நமக்கு வந்த வெண்மையில் மெய் எவ்வளவு என்று அவையைக் கேட்டார்.

ஆகவே ஆணையாவது: எயினியாரை விடுவித்து, அவர்தம் கண்காணிப்பை அவரிடமே மீள ஒப்படைப்பீராக. கலிங்கை முழுதும் பெயர்க்க அவர் கேட்கும் ஆட்களை உம் படையிலிருந்து தருக. அங்கே நீரும் அவர் சொற்படியே நடக்க. கீழ்மடையூராரை ஆடுமாடுகளோடு மேட்டுக்கு ஏற்றிவிடுக. விதைநெல்லை விட்டு வரமாட்டோம் என்பார்கள், அதையும் உம் வீரர்களே சுமக்க. ஆயிரங்கண் மாடத்தைச் செட்டியிடமே திருப்பி அனுப்புக. சிறு குழுக்கள் இனித் தமக்கு அடக்கமான கயிற்றையோ பலகையையோ தாமே தேர்ந்து தம் பணியிடத்திலேயே வைத்துக்கொள்க. அதன் படத்தை அரண்மனை கேளாது, வேண்டுமெனில் ஆள் வந்து நேரில் காணும். அந்திமுரசு இன்றோடு நின்றது. பூதிக்குத் தண்டமில்லை. பெண்கேட்டு வந்து எழுந்துபோனவர்களிடம் கோட்டைத்தலைவராகிய நீரே சென்று பேசுவீராக.

குரவையாறு பெருக்கெடுத்து ஓடுவதாகவும், ஓடக்காரர் மறுப்பதாகவும் செய்தி வந்திருக்கிறது. இவ்வோலை அமாவாசைக்கு முன் உம் கைக்கு வருமென்று இங்கே ஒருவரும் உறுதி சொல்லவில்லை. குதிரைவீரன் தன் மனைவியிடம் விடைபெற்றே புறப்படுகிறான்.

இணைமூங்கில் முத்திரை பதித்து, அவையோர் நால்வர் கண்டு ஒப்பியது. மூங்கில் தழைக்கும் நாள்வரை இவ்வாணை நிற்க. இதற்குக் கீழுள்ளது தேவியாரின் சொந்தக் கையெழுத்து.

கோதைமாறரே, மேகம் வடக்கே கறுத்து நிற்பதை இங்கிருந்தே காண்கிறோம். விடியல் கடந்தபின் இவ்வோலை உம் கைக்கு வருமாயின், நீர் எம் ஆணையைத்தான் செய்தீர். உமக்குத் தண்டமில்லை என்று எம் கையால் எழுதித் தருகிறோம். அஞ்சாதீர். எமக்கு இனிக்கும் மறுமொழியைத் தேடாதீர். எயினி இருந்தால் இருக்கிறாள் என்று எழுதும். இல்லையென்றால், இல்லை என்றே எழுதும்.