மூடி திறக்காத பீப்பாய்

மாப்ளே,

இன்று காலை ஏசி ஒழுகி, மூலையில் இருந்த அட்டைப்பெட்டி நனைந்துவிட்டது. ஈர அட்டை வாசனை மூக்கில் ஏறியதுமே, "காத்து உள்ள போயிருச்சுடா" என்று உன் குரல் கேட்டது. நீ போய் இத்தனை வருஷமாகியும் திடுக்கிட்டுப் போனேன்.

நீ எவர்சில்வர் பைப் பற்றவைக்கிற வெல்டர். நான் அதே சைட் ஆபீஸில் ஃபைல் அடுக்குகிறவன். பைப்புக்குள் ஆர்கான் கேஸ் விட்டுக் காற்றைத் துரத்தாமல் நீ வெல்டிங் டார்ச்சையே எடுக்க மாட்டாய். அந்தப் பிடிவாதத்தை அப்படியே இந்த வளைகுடா நாட்டில் நம் முசஃபா ரூமுக்கும் கொண்டுவந்தாய், பீர் காய்ச்ச! வெள்ளிக்கிழமை லீவில், கதவைச் சாத்திக்கொண்டு.

குளிர்பானக் கடையில் கழித்துப்போட்ட எவர்சில்வர் பீப்பாய் அது. ரப்பர் வளையம்வரை கழற்றிக் கழுவுவாய். கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கி, நீ வாங்கிவைத்த சோடா கேஸ் சிலிண்டரைத் திறப்பாய். கேஸ் தள்ளத் தள்ளத் தண்ணீரெல்லாம் குழாய் வழியாக வாளிக்கு ஓடிவிடும். "தண்ணி காலி பண்ணின இடத்துல கேஸ் குடியேறிருச்சு. காத்துக்கு பெட் ஸ்பேஸ்கூடக் கிடையாது மாப்ளே" என்பாய். அதன்பிறகு மூடியைத் தொடாமலே, கேனில் புளித்துக் குளிர்ந்த பீர் இன்னொரு குழாயில் உள்ளே இறங்கும். ஒரு சொட்டுகூடக் கண்ணில் படாது. பீப்பாயின் வெளிப்புறம் வேர்த்து ஏறுவதைக் கையால் தடவி, "பாதி ஆச்சு" என்பாய். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

அப்படி நின்றவன் சும்மா இருந்தேனா? ரூமில் சமையல் முறை என்னுடையது. குழம்பைத் திறந்து பார்க்கிற புத்தி. நீ ஓவர்டைம் போன நேரம், எப்படித்தான் இருக்கிறது என்று மூடியைத் தூக்கி, மோந்து பார்த்து, சத்தமில்லாமல் மூடிவிட்டேன். மூன்றாம் வாரம் முதல் வாய் குடித்ததுமே நீ என்னைப் பார்த்தாய். திட்டவில்லை. என் கையிலும் ஒரு கிளாஸைத் திணித்தாய்.

"குடி. நனைஞ்ச அட்டை மாதிரி இருக்கா? இதான் காத்தோட ருசி. நாக்குல எழுதி வச்சுக்க."

மிச்சம் முழுவதையும் நீயே சிங்க்கில் ஊற்றினாய். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு மாத லீவில் ஊருக்குக் கிளம்பும் முன் மறுபடி ஒரு பீப்பாய் நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தாய். "நான் வந்ததும் குடிக்கலாம். மூடிய நான்தான் திறப்பேன். நீ கை வச்சே, கலாஸ், தீர்ந்துச்சு கதை!" என்று சிரித்தாய். பதினோராம் நாள் உன் தம்பி போன் பண்ணினார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்.

"கெட்டுப்போயிருக்கும், கொட்டிடுங்க" என்றார்கள் ரூமில். நான் விடவில்லை. ஆனால் உள்ளுக்குள் பயம்தான். உன் கையால் ஆன கடைசி வேலை அது. அதிலும் அட்டை வாசனை வந்துவிட்டால் என்ன செய்வேன்?

நீ டியூட்டிக்குத் திரும்ப வேண்டிய நாளன்று, மூடியைத் தொடாமல், குழாயை மட்டும் திறந்தேன். கிளாஸில் தங்கமாக இறங்கியது. நுரைக்கு மேலே ஆரஞ்சுத் தோல் உரித்த வாசனை. அட்டை இல்லை, புளிப்பு இல்லை. அடப்பாவி! நீ போய் ஐம்பது நாள் ஆகியிருந்தது. பீர் நேற்று நிரப்பியதுபோல் இருந்தது. கிளாஸைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதேன். அப்புறம் முழுவதையும் குடித்தேன்.

அந்தப் பீப்பாய் தீர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. நாலு ரூம் மாறிவிட்டேன். இன்று நனைந்த பெட்டிக்குள் இருந்ததும் அதுதான். வெளியே எடுத்துத் துடைத்தேன், வேறு பெட்டியில் வைத்தேன். உள்ளே பீர் இல்லை, காற்றும் இல்லை. நீ வாங்கிவைத்த கேஸ் மட்டும் இருக்கிறது.

மூடியை நான் இன்னும் திறக்கவில்லை, மாப்ளே.